முட்டைக்கோஸ் புழு மருந்துக்குக் கேட்காமல் போவது ஏன்?

தாளவாடியாகட்டும், ஓசூராகட்டும், கொடைக்கானல் மேல்மலையாகட்டும், முட்டைக்கோஸ் போடுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் சீக்கிரமே இந்தப் புகார் வந்துவிடும்: "போன வருஷம் ஒரே அடியில விழுந்த புழு, இந்த வருஷம் மூணு தடவை அடிச்சும் அசையல." அதற்குக் காரணமும் அவர்களே சொல்வார்கள். கடையில் கலப்பட மருந்து கொடுத்துவிட்டார்கள், கம்பெனி தரத்தைக் குறைத்துவிட்டது, இல்லாவிட்டால் புழுவுக்கு மருந்து பழகிவிட்டது.

முதல் இரண்டும் நடப்பதே இல்லை என்று சொல்ல மாட்டேன். போலி மருந்து சந்தையில் உண்டு. ஆனால் அடிக்கடி உண்மைக்குப் பக்கத்தில் வருவது மூன்றாவது காரணம்தான். பக்கத்தில் மட்டும்தான் வருகிறது. புழு பழகிவிட்டது என்று நினைப்பவர் அடுத்து என்ன செய்வார்? இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஊற்றுவார், அல்லது பத்து நாளைக்கு ஒருமுறை அடித்ததை ஐந்து நாளைக்கு ஒருமுறை ஆக்குவார். இரண்டுமே நிலைமையைக் கெடுக்கும். அது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

எந்தப் புழுவைப் பற்றிப் பேசுகிறோம்?

முட்டைக்கோஸைத் தாக்கும் பூச்சிகள் பல. சாறு உறிஞ்சும் அசுவினி, குருத்தைத் துளைக்கும் புழு, நாற்றை அடியோடு அறுக்கும் வெட்டுப்புழு என்று வரிசையாகச் சொல்லலாம். ஆனால் மருந்துக்குக் கேட்காத புழு என்று விவசாயிகள் சொல்வது பெரும்பாலும் ஒன்றைத்தான்: வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. அந்துப்பூச்சி சாம்பல் பழுப்பு நிறத்தில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக இருக்கும். இறக்கையை மடித்து உட்காரும்போது முதுகில் வெளிறிய வைர வடிவங்கள் மூன்று தெரியும்.

புழு பச்சை நிறம், இரண்டு முனையும் கூம்பியிருக்கும். விரலால் தொட்டுப் பாருங்கள். துடித்துப் பின்னால் நகரும், உடனே ஒரு நூலில் தொங்கியபடி இலையிலிருந்து கீழே இறங்கிவிடும். கொஞ்ச நேரம் கழித்து அதே நூலைப் பிடித்து மேலே ஏறும். வேறு புழுவோ என்ற சந்தேகம் இருந்தால் இந்த ஒரு சோதனையே பெரும்பாலும் போதும். இளம் புழு இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்று, மேல்தோலைக் கண்ணாடிபோல விட்டுவைக்கும். அந்தத் தோல் காய்ந்து உதிரும்போதுதான் நாம் ஓட்டை என்று பார்க்கிறோம்.

ஒரு தாய் அந்துப்பூச்சி நூற்றுக்கு மேல் முட்டையிடும். வெயில் காலத்தில் சமவெளியில் முட்டையிலிருந்து அடுத்த அந்துப்பூச்சி வர இரண்டு மூன்று வாரம் போதும். குளிர்ந்த மலையில் இன்னும் கொஞ்சம் நாள் பிடிக்கும். நட்டதிலிருந்து அறுவடை வரை மூன்று மாதம் என்று வைத்தால் ஒரே பயிரில் நாலைந்து தலைமுறை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொன்று. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு எல்லாம் ஒரே குடும்பம். அவற்றின் காரமான வாசனைக்குக் காரணம் குளுக்கோசினோலேட் என்ற வேதிப்பொருள். இலையைக் கடித்தால் அது உடைந்து கடுகெண்ணெயின் காரமாக மாறும். பெரும்பாலான பூச்சிகளை அந்தக் காரமே விரட்டிவிடும். இந்தப் புழுவின் குடலிலோ அப்படி மாறுவதற்கு முன்பே அதைச் செயலிழக்கச் செய்யும் நொதி இருக்கிறது. தாய்ப்பூச்சி அந்த வாசனையை மோப்பம் பிடித்துத்தான் முட்டையிட இடம் தேடுகிறது. செடியின் விஷத்தையே சமாளித்து வாழும் பூச்சி இது. நாம் டேங்கில் கலந்து அடிப்பது இதற்கு வந்த முதல் விஷம் அல்ல.

பழகுவது புழு அல்ல

நெல் வயலில் களை எடுப்பதைக் கவனித்திருப்பீர்கள். நெல்லுக்குள்ளே நெல் மாதிரியே தோற்றம் கொண்ட ஒரு புல் வளரும். கதிர் வரும்வரை அனுபவம் உள்ளவர்களுக்கே அது சட்டென்று தெரியாது. வேறு மாதிரி இருக்கும் புல்லெல்லாம் கைக்கு அகப்பட்டுப் பிடுங்கப்படும். நெல்லைப் போல இருப்பது மட்டும் தப்பி விதை விழும். அடுத்த வருடம் முளைப்பது அதன் வாரிசுகள். இப்படியே பல நூற்றாண்டு களை எடுத்ததில் நெல்லின் சாயல் அந்தப் புல்லுக்கு ஏறிக்கொண்டே வந்தது. எந்த ஒரு புல்லும் வேஷம் போடக் கற்றுக்கொள்ளவில்லை. களை எடுத்தவர்களின் கை, தன்னை அறியாமலே, அந்தச் சாயல் உள்ளதை மட்டும் விட்டுவைத்தது.

முட்டைக்கோஸ் வயலில் நடப்பதும் இதேதான். கையின் இடத்தில் மருந்து, சாயலின் இடத்தில் மருந்தைத் தாங்கும் தன்மை. வயலில் உள்ள புழுக்கள் எல்லாம் ஒன்றுபோலப் பிறப்பதில்லை. ஆயிரத்தில் ஒன்றோ லட்சத்தில் ஒன்றோ பிறவியிலேயே மருந்தைத் தாங்கும். சிலவற்றில் மருந்தை உடைக்கும் நொதி கூடுதலாகச் சுரக்கும். சிலவற்றில் மருந்து போய் ஒட்ட வேண்டிய நரம்பு, தசைப் பகுதியின் அமைப்பே கொஞ்சம் மாறியிருக்கும். மருந்தடித்தால் மற்றவை சாகும், இவை பிழைத்து முட்டையிடும். இப்படி, முன்பு கொன்ற மருந்து கொல்லாத அளவுக்குத் தாங்கும் பூச்சிகள் ஒரு வயலில் பெருகிவிடுவதைத்தான் எதிர்ப்புத்திறன் என்கிறோம்.

சுருக்கமாக: மருந்து குடித்த புழு பழகுவதில்லை, அது ஒன்று சாகும் அல்லது பிழைக்கும். மாறுவது தலைமுறைகளுக்கு இடையே வயலில் உள்ள கூட்டம்.

ஏன் திடீரென்று கைவிடுகிறது?

"போன தடவை வரைக்கும் நல்லாத்தானே கேட்டுச்சு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புரிவதற்காக நான் போடும் எண்கள்தான் இவை.

ஒரு ஏக்கரில் 1,00,000 புழு. அதில் 100 மட்டும் தாங்கும் வகை. மருந்து சாதாரணப் புழுவில் நூற்றுக்கு 99 ஐக் கொல்கிறது, தாங்கும் வகையைக் கொல்வதே இல்லை.

முதல் அடியில் சாதாரணப் புழுவில் சுமார் 1,000 மிஞ்சும், தாங்கும் வகையில் 100. விவசாயி பார்ப்பது நூற்றுக்கு 99 சாவு, அருமையான மருந்து. ஆனால் ஆயிரத்தில் ஒன்றாக இருந்த தாங்கும் வகை இப்போது பதினொன்றில் ஒன்று.

அடுத்த தலைமுறை மறுபடி 1,00,000 ஆகப் பெருகுகிறது. அதில் சுமார் 9,100 தாங்கும் வகை. அதே மருந்தை அடிக்கிறோம். நூற்றுக்கு 90 சாகிறது. "கொஞ்சம் மிச்சமிருக்கு, பரவாயில்ல" என்று நினைப்போம். மிஞ்சிய 10,000 புழுவில் பத்துக்கு ஒன்பது தாங்கும் வகை.

மூன்றாம் தலைமுறையில் அதே மருந்து. இந்த முறை நூற்றுக்கு 9 தான் சாகிறது.

99, 90, 9. கண்ணுக்குத் தெரிவது இந்த மூன்று எண்கள்தான். இரண்டாவது தெளிப்பு வரை எந்த எச்சரிக்கையும் இல்லை. அதனால்தான் கடைக்காரர் மேல் சந்தேகம் வருகிறது. நிஜ வயலில் இவ்வளவு வேகமாக நடக்காது. தாங்கும் பூச்சி சாதாரணப் பூச்சியோடு கூடும், வெளியிலிருந்து புதிய பூச்சிகள் பறந்து வரும், அதனால் நாளாகும். போகிற திசை இதுதான்.

அளவை இரட்டிப்பாக்கினால் என்ன? எதிர்ப்புத்திறன் முற்றிய கூட்டத்தில் ஒரு புழுவைக் கொல்ல முன்பைவிட நூறு மடங்கு மருந்துகூடத் தேவைப்படலாம். அங்கே இரண்டு மடங்கு ஊற்றுவது பணத்தை மண்ணில் ஊற்றுவதுதான்.

ஜாவா மலையில் நடந்தது

இந்தப் பூச்சிக்கு இதில் பழைய வரலாறு உண்டு. 1953இல் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவிலிருந்து, டி.டி.டி. இதைக் கொல்லவில்லை என்ற தகவல் வெளியானது. டி.டி.டி.க்கு எதிர்ப்புத்திறன் பெற்றதாகப் பதிவான முதல் பயிர்ப்பூச்சி என்று இதைத்தான் குறிப்பிடுவார்கள். அந்த மருந்து உலகம் முழுக்க அதிசயமாகக் கொண்டாடப்பட்ட காலம் அது. 1960களில் பஞ்சாபிலும் இதே செய்தி. அப்புறம் 1990இல் ஹவாய் தீவுகளிலிருந்து இன்னொன்று: பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், சுருக்கமாக பி.டி. என்ற நுண்ணுயிர் மருந்துக்கும் வயல்வெளியிலேயே எதிர்ப்பு வந்துவிட்டது. இயற்கை மருந்து என்றால் எதிர்ப்பு வராது என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்த நூற்றாண்டில் வந்த டயமைடு வகை மருந்துகளும் தப்பவில்லை. சந்தைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே தாய்லாந்திலும் பிலிப்பைன்ஸிலும் கைவிட்டன.

ஜாவாவில் இன்னொரு சங்கதியும் உண்டு. டி.டி.டி. பற்றிய தகவல் வருவதற்கு மூன்று வருடம் முன்பு, 1950இல், நியூசிலாந்திலிருந்து டயடெக்மா என்ற சிறு குளவியை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். வைரமுதுகுப் புழுவின் உடலுக்குள் முட்டையிடும் குளவி அது. குளிர்ந்த மலை அதற்கு ஒத்துப்போயிற்று. ஆனால் விடாமல் மருந்தடித்த வயல்களில் அதனால் தலைதூக்க முடியவில்லை. பிற்காலத்தில் குளவியைக் கொல்லாத பி.டி. போன்றவற்றுக்கு மாறிய இடங்களில்தான் அதன் வேலை தெரிய ஆரம்பித்தது.

ஆக, மருந்து ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. தாங்கும் புழுவைப் பிரித்தெடுத்து விட்டுவைக்கிறது, அதைத் தின்னும் எதிரியையும் கொன்றுவிடுகிறது. இரண்டாவதைத்தான் நாம் கணக்கில் எடுப்பதில்லை.

குளவி வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஒட்டுண்ணிக் குளவி என்பது இன்னொரு பூச்சியின் உடலில் முட்டையிட்டு, தன் குஞ்சு அதைத் தின்று வளரும்படி செய்யும் குளவி. எறும்பளவுதான் இருக்கும், மனிதரைக் கொட்டித் தொந்தரவு செய்யாது. பறக்கும்போது பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் இலையைத் திருப்பினால் அடையாளம் தெரியும்.

வைரமுதுகுப் புழு கூட்டுப்புழுவாகும்போது இலையின் அடியில் வலை மாதிரி மெல்லிய வெள்ளைக் கூடு கட்டும். கூட்டுக்குள்ளே பச்சையாகவோ வெளிர் மஞ்சளாகவோ கூட்டுப்புழு தெரிந்தால் அது அந்துப்பூச்சியாக வரப்போகிறது. அதே வலைக்குள் பழுப்பு நிறத்தில், இரு முனையும் மழுங்கிய, உள்ளே எதுவும் தெரியாத கெட்டியான உருளை இருந்தால் அது டயடெக்மாவின் கூடு. சமவெளியில் பெரும்பாலும் பார்ப்பது கொட்டீசியா என்ற வேறொரு குளவியை. அதன் கூடு அந்துப்பூச்சிக் கூட்டுக்குள் இருக்காது. அரிசியைவிடச் சிறியதாக, பட்டு வெள்ளையில், இலையில் தனியே ஒட்டியிருக்கும். பூச்சி முட்டை என்று நினைத்து நசுக்கிவிடுகிறவர்கள் நிறைய.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் குளிர்ந்த மலைக்கு டயடெக்மாவையும் சமவெளிக்குக் கொட்டீசியாவையும்தான் பரிந்துரைக்கிறது. வாங்கி விடுவது ஒரு வழி. ஏற்கெனவே வயலில் இருப்பதைக் கொல்லாமல் விடுவது செலவே இல்லாத வழி. என் கணக்கில் பின்னதுக்குத்தான் மதிப்பு அதிகம், ஏனென்றால் விலைகொடுத்து விட்ட குளவி மறுநாள் அடிக்கும் சைபர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தில் செத்துப்போகும்.

ஓட்டை விழுந்தால் மருந்தா?

எல்லா ஓட்டையும் நஷ்டம் இல்லை. முட்டைக்கோஸில் நாம் விற்பது உள்ளே இறுகும் கோஸை. வெளியே விரிந்த இலைகளை அறுவடையில் கழித்துவிடுகிறோம். அந்த இலைகளில் நாலு ஓட்டை இருப்பதால் எடை குறையாது. ஆனால் குருத்து மடங்கிக் கோஸ் கட்ட ஆரம்பிக்கும் கட்டத்தில் நடுக்குருத்தைக் கடித்தால் கோஸே கெட்டுவிடும். கவனம் அங்கேதான் வேண்டும்.

இதற்குப் பொருளாதாரச் சேதநிலை என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். புழுவின் எண்ணிக்கை அதற்குக் கீழே இருக்கும்வரை அது செய்யும் சேதத்தைவிட மருந்துச் செலவுதான் அதிகம். குருத்துக் கட்டும் பருவத்துக்குப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு செடிக்கு 2 புழு. வயலைக் குறுக்கும் நெடுக்கும் நடந்து இருபது செடியைப் பாருங்கள், இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பி எண்ணுங்கள். மொத்தம் நாற்பதுக்குக் கீழே என்றால் அன்றைக்கு மருந்து வேண்டாம். மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

இனக்கவர்ச்சிப் பொறியை, அதாவது பெண் பூச்சியின் வாசனையை வைத்து இழுக்கும் பொறியை, பற்றியும் ஒரு வார்த்தை. ஏக்கருக்கு ஐந்து வைத்தால் போதும். ஆனால் அதில் விழுவது ஆண் அந்துப்பூச்சி மட்டும்தான். பூச்சி வர ஆரம்பித்துவிட்டதா என்று சொல்லும், பயிரைத் தானே காப்பாற்றாது.

அடித்தே ஆக வேண்டும் என்றால்

முதலில் ஒரு பெரிய குழப்பம். கடையில் வேறு டப்பா வாங்கிவிட்டோம், மருந்தை மாற்றிவிட்டோம் என்று நினைக்கிறோம். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், ஃபென்வலரேட் மூன்றும் பைரித்ராய்டு என்ற ஒரே ரகம், பூச்சியின் உடலில் ஒரே இடத்தைத்தான் தாக்குகின்றன. அதுபோல குளோரான்ட்ரானிலிப்ரோலும் புளுபெண்டியமைடும் ஒரே ரகம், முன்பு சொன்ன டயமைடு. ஒன்றைத் தாங்கும் புழு மற்றதையும் பெரும்பாலும் தாங்கும். எந்த மருந்து எங்கே தாக்குகிறது என்பதை வைத்து உலக அளவில் எண் கொடுத்திருக்கிறார்கள். அதைச் செயல்முறைக் குழு எண் என்பார்கள். பைரித்ராய்டுகள் 3, டயமைடுகள் 28, ஸ்பினோசாட் 5, எமாமெக்டின் 6, இன்டாக்சாகார்ப் 22, பி.டி. 11. பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பார்த்து வாங்குங்கள். டப்பாவில் எண் போடாவிட்டால், பெரிய எழுத்தில் உள்ள வியாபாரப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள்.

எப்படி மாற்றுவது? ஒரு வாரம் இது, அடுத்த வாரம் அது என்று மாற்றினால் ஒரே தலைமுறை இரண்டையும் சந்திக்கும், அதன் பிள்ளைகளும் இரண்டையும் சந்திக்கும். அதைவிட ஒரு தலைமுறைக் காலத்துக்கு, அதாவது சுமார் மூன்று வாரத்துக்கு, ஒரு குழு. அடுத்த மூன்று வாரத்துக்கு அந்தக் குழுவைத் தொடவே கூடாது. அப்படிச் செய்தால் ஒரு மருந்தில் தப்பியவற்றின் பிள்ளைகள் அதே மருந்தைச் சந்திக்காது. இரண்டு மூன்றை ஒரே டேங்கில் கலக்கி அடிக்கும் பழக்கத்தை விடுவது நல்லது. எல்லாக் குழுவுக்கும் ஒரே நேரத்தில் எதிர்ப்பை வளர்க்க அதைவிடச் சுலபமான வழி இல்லை.

டப்பாவில் உள்ள முக்கோணத்தின் நிறம் வேறு கதை. சிவப்பு முக்கோணம் என்றால் பூச்சிக்குக் காரமான மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். அது மனிதருக்கு எவ்வளவு விஷம் என்பதன் அடையாளம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று விஷம் குறைந்துகொண்டே வரும். பச்சை முக்கோணம் போட்ட குளோரான்ட்ரானிலிப்ரோல், எதிர்ப்பு வராத இடத்தில் புழுவை நன்றாகவே கொல்லும். சிவப்பைத் தேடுவதால் ஆபத்து அடிக்கிறவருக்கும் தின்கிறவருக்கும்தான்.

முட்டைக்கோஸ் இலையில் மெழுகுப் பூச்சு உண்டு. வெறும் தண்ணீரில் கலந்து அடித்தால் துளி துளியாக உருண்டு விழுந்துவிடும். மருந்து கேட்கவில்லை என்ற புகாரில் ஒரு பங்கு இப்படி மண்ணுக்குப் போனது. ஒட்டும் திரவமோ காதி சோப்புக் கரைசலோ சேர்க்க வேண்டும், நாசிலைக் கீழிருந்து மேலாகப் பிடித்து இலையின் அடியில் படும்படி அடிக்க வேண்டும்.

பி.டி. அடித்தால் பொறுமையும் வேண்டும். புழு அதைத் தின்றால்தான் வேலை செய்யும். தின்ற சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும், ஆனால் சாக இரண்டு மூன்று நாள் ஆகலாம். மறுநாள் காலை உயிரோடு இருக்கும் புழுவைப் பார்த்துவிட்டு வேறு மருந்தை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். வேப்பங்கொட்டைப் பருப்புச் சாறும் அப்படித்தான்: பத்து லிட்டருக்கு அரைக் கிலோ பருப்பை இடித்து இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி அடிப்பது. இரண்டையும் வெயில் சீக்கிரம் கெடுத்துவிடும் என்பதால் சாயங்காலம் அடிக்க வேண்டும். இரண்டும் சின்னப் புழுவிடம்தான் நன்றாகக் கேட்கும்.

இதுவரை சொன்னதைக் கோத்தால்: எண்ணிப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும், குழு எண் மாற்றி, இலையில் ஒட்டும்படி. அடிக்காமல் விட்ட ஒவ்வொரு தெளிப்பும் மருந்தின் ஆயுளைக் கூட்டுகிறது.

மருந்தில்லாத வேலைகள்

தாய்ப்பூச்சி முட்டைக்கோஸைவிடக் கடுகையே விரும்பி முட்டையிடும். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இதைப் பயன்படுத்தி ஒரு முறையைச் சொன்னது: 25 வரிசை முட்டைக்கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு. ஒரு வரிசையைக் கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்பும் மற்றதை நட்ட 25 நாள் கழித்தும் விதைக்க வேண்டும், அப்போதுதான் பயிர்க்காலம் முழுக்க இளங்கடுகு கிடைக்கும். கடுகை விதைத்துவிட்டு மறந்துவிட்டால் அதுவே புழுவுக்கு நாற்றங்கால் ஆகிவிடும், ஆகவே அந்த வரிசையையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஸ்பிரிங்க்ளர் வைத்திருப்பவர்கள் பொழுது சாயும் நேரத்தில் தண்ணீர் விட்டால் அந்துப்பூச்சிகள் கூடுவதும் முட்டையிடுவதும் குறையும், சின்னப் புழுக்களும் அடித்துப்போகும். நல்ல மழைக்குப் பிறகு புழு குறைவதற்கும் இதே காரணம்தான். ஆனால் இரவெல்லாம் இலை ஈரமாக இருந்தால் கருப்பு அழுகல் வரும், அந்த நோய் உள்ள தோட்டத்தில் இது வேண்டாம்.

அறுத்த பிறகு நிற்கும் கட்டைகளை உடனே உழுதுவிட வேண்டும். அவை துளிர்த்தால் விற்பனைக்கு ஒன்றும் தராது, புழுவுக்கு மட்டும் இன்னும் ஒரு தலைமுறை சாப்பாடு போடும். அதுவும் உங்கள் மருந்துகளுக்கெல்லாம் தப்பிய புழுவுக்கு.

கடைசியாக நாற்று. இப்போது பலரும் குழித்தட்டு நாற்றை நர்சரியில் வாங்கித்தான் நடுகிறோம். புழுவும் முட்டையும் அதோடு வண்டியேறி வரும். வாங்கும்போது இலையைத் திருப்பிப் பார்ப்பதோடு, அங்கே கடைசியாக என்ன மருந்து அடித்தார்கள் என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வயலின் முதல் தலைமுறைப் புழு ஏற்கெனவே அந்தக் குழு மருந்தைச் சந்தித்துவிட்டது, நீங்கள் தொடங்க வேண்டியது வேறு எண்ணில்.